கரண்ட் போனால் பாம்புக்கு என்ன ஆகும்? புயல் நாட்களில் அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

வீட்டில் பாம்பு, பல்லி, ஆமை வளர்ப்பவர்கள் பலரும் அவற்றின் தொட்டியைக் கரண்டில்தான் சூடாக வைத்திருப்பார்கள். அதனால் ஒவ்வொரு புயலுக்கும் என் ஃபோன் இரண்டு சுற்று அலறும். முதல் சுற்று, காற்று அடிக்கும் இரவில்: "அண்ணே, கரண்ட் போயிடுச்சு, பாம்பு செத்துடுமா?" இரண்டாவது சுற்று, கரண்ட் வந்து ஒரு வாரம் கழித்து: "அண்ணே, வயித்துல ஏதோ பழுப்பா கொப்புளம் மாதிரி இருக்கு." முதல் கேள்விக்குப் பெரும்பாலும் "சாகாது, போய்த் தூங்குங்க" என்று சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத்தான் மருத்துவரிடம் ஓட வேண்டியிருக்கும். நான் பார்த்தவரை, குளிரில் போன பாம்பைவிட, குளிருமே என்று பதறிச் சூடு வைத்ததில் வெந்த பாம்புதான் அதிகம்.

கீழே இருப்பதை முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் தொட்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத வேலை முதலில், செலவு பிடிப்பது கடைசியில்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் அளந்து பாருங்கள்

கையை வைத்துப் பார்த்து "ஜில்லுனு இருக்கு" என்பது அளவு ஆகாது. நம் கைக்கு 27 டிகிரி செல்சியஸ் கண்ணாடியும் ஜில்லென்றுதான் இருக்கும். தொட்டிச் சுவரில் ஒட்டிய வட்ட முள் மீட்டரையும் நம்பாதீர்கள், அது சுவரின் கதையைத்தான் சொல்லும். கம்பி நுனியில் சென்சார் இருக்கும், பேட்டரியில் ஓடும் டிஜிட்டல் மீட்டர் ஒன்று போதும். சென்சாரை விலங்கு படுத்திருக்கும் மட்டத்தில் வையுங்கள்.

நலமாக இருக்கும், வளர்ந்த விலங்குக்கு நான் கணக்கில் வைத்துக்கொள்ளும் எல்லைகள் இவை. பால் பைதான் (பந்துபோல் சுருளும் மலைப்பாம்பு), வயிறு காலியாக இருந்தால், 21 டிகிரியில் இரண்டு மூன்று இரவைத் தாண்டிவிடும். கார்ன் ஸ்நேக் என்ற பாம்பு, லெப்பர்ட் கெக்கோ, பியர்டட் டிராகன் என்ற பல்லிகள் மூன்றும் இரவில் 18 வரை தாங்கும். பெரிய பல்லியான பச்சை இகுவானாவை 24க்குக் கீழே விடாமல் பார்த்துக்கொள்வேன். க்ரெஸ்டட் கெக்கோ என்ற பல்லிக்குக் குளிர் பெரிய விஷயமில்லை, 28க்கு மேல் போவதுதான் ஆபத்து. குட்டி, நோயிலிருந்து தேறிவருவது, முட்டை சுமப்பது என்றால் கீழ் எல்லையில் 3 டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள்.

அளவு இந்த எல்லைக்குள் இருந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். தொட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் இருக்கிற சூட்டையும் வெளியே விடும்.

## புயலுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, விலங்கு நன்றாக இருக்கிறது

இப்போது செய்வதில் முக்கியமானது சாப்பாட்டை நிறுத்துவது. "பாவம், பட்டினி கிடக்குமே, இப்பவே வயிறு நிறைய போட்டுடுவோம்" என்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. இரையைச் செரிக்கப் பாம்புக்கு வெளிச்சூடு வேண்டும். சூடு இல்லாமல் போனால் எலி வயிற்றுக்குள்ளேயே அழுகும். வளர்ந்த பாம்புக்கு இரண்டு மூன்று வாரப் பட்டினி ஒரு பொருட்டே இல்லை. பூச்சி தின்னும் பல்லிகளுக்கு முந்தைய நாள் காலையோடு நிறுத்தினால் போதும். தண்ணீரை மட்டும் நிறைய கொடுங்கள்.

தொட்டியை ஜன்னல் பக்கமிருந்தும் தரையிலிருந்தும் மாற்றுங்கள். மேசைமேல் ஏற்ற முடிந்தால் ஏற்றுங்கள். தோட்டத்தில் விடும் ஆமையை இன்றே உள்ளே தூக்கி வாருங்கள். மழை பெய்யும்போது அது தோண்டிய வளைக்குள் போய் ஒண்டிக்கொள்ளும், வளையில் தண்ணீர் ஏறினால் உள்ளேயே மாட்டிக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு ஒத்திகை. இன்று மாலை தொட்டிக்கான பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு மணி நேரத்தில் எத்தனை டிகிரி இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கு அரை டிகிரி என்றால் இரவை நிம்மதியாகக் கழிக்கலாம். மணிக்கு 3 டிகிரி என்றால் அடுத்த தலைப்பை இப்போதே படித்து வையுங்கள். வலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டிதான் வேகமாகக் குளிரும். மரப்பெட்டி நின்று நிதானமாகக் குளிரும்.

ஃப்ரீசரில் காலி இடம் இருந்தால் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி உறைய வையுங்கள். அது எதற்கு என்பது பின்னால் இரண்டு இடத்தில் வரும்.

## தொட்டிச் சூடு இறங்கிக்கொண்டே போகிறது

மூடுங்கள். கம்பளியையோ கனமான போர்வையையோ மூன்று பக்கமும் மேலேயும் போர்த்தி, காற்றுக்கு ஒரு ஓரத்தில் நான்கு விரல் அகலம் விடுங்கள். வீட்டின் நடுவில், ஜன்னல் இல்லாத சின்ன அறைக்கு மாற்றினால் இன்னும் நல்லது. பாதிப் பேருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

பெட்டியைச் சின்னதாக்குங்கள். நான்கு அடித் தொட்டியைச் சூடாக்குவது வீண். விலங்கைத் துணிப்பையிலோ மூடி போட்ட சிறு பிளாஸ்டிக் டப்பாவிலோ போட்டு, அந்த டப்பாவைத் தெர்மாக்கோல் பெட்டிக்குள் இறக்குங்கள். டப்பாவிலும் ஓட்டை, பெட்டியிலும் ஓட்டை. பாம்புக்குத் தலையணை உறை மாதிரி வசதியான பை கிடையாது. வாயை முறுக்கி முடிச்சுப் போடுங்கள், ரப்பர் பேண்ட் போதாது. ஒரு டப்பாவில் ஒரே விலங்கு. ஒரே தொட்டியில் ஒற்றுமையாக இருந்தவைகூட நெருக்கடியில் கடித்துக்கொள்ளும்.

வெந்நீர் பாட்டில். இங்கேதான் வெந்துபோகும் கதைகள் தொடங்குகின்றன. கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். உங்கள் கை பத்து விநாடி தாங்கும் சூடு போதும், சுமார் 45 டிகிரி. பாட்டிலைப் பழைய துண்டில் இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். அதை விலங்கு இருக்கும் டப்பாவுக்கு வெளியே, தெர்மாக்கோல் பெட்டியின் ஒரே பக்கத்தில் வையுங்கள். இரண்டு பக்கமும் வைத்துவிட்டால் சூடு தாங்காதபோது அது ஒதுங்க இடமில்லை. நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். ராத்திரிக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உடம்பு. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் இதைவிடப் பாதுகாப்பான ஹீட்டர் வீட்டில் வேறு இல்லை. நம் தோல் சுமார் 33 டிகிரி, ஒரு பால் பைதான் தன் தொட்டியில் தேடிப்போய்ப் படுக்கும் சூடும் அதுவே. பையில் முடிந்த பாம்பைச் சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே வைத்துக்கொண்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு முழு இரவு உட்கார்ந்திருக்கிறேன். பாம்பு தூங்கியது, எனக்குத்தான் கால் மரத்துப்போனது. இதைச் சிறு குழந்தைகளிடமும் வயதானவர்களிடமும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடமும் ஒப்படைக்காதீர்கள். ஊர்வனவற்றின் மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கும். எடுத்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ரசாயன ஹீட் பேக். உறையைப் பிரித்து உலுக்கினால் சூடாகும் வகை. இது காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் எரியும். காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்தால் பேக்கும் அணையும், உள்ளே இருப்பதும் மூச்சுத் திணறும். கைக்குள் வைக்கும் சிறிய வகை 50 டிகிரியைத் தாண்டும். அதனால் துணியில் சுற்றி, டப்பாவுக்கு வெளியேதான்.

பேட்டரி. அடுத்த தலைப்பில் தனியாகச் சொல்கிறேன்.

ஜெனரேட்டர். வீட்டுக்கு வெளியே, கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி. வராந்தா வெளியே ஆகாது, ஷட்டர் பாதி திறந்த கார் ஷெட்டும் ஆகாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. உங்களையும் கொல்லும், உங்கள் ஆமையையும் கொல்லும்.

தொட்டி இருக்கும் அறையில் கரி அடுப்பு, கேஸ் அடுப்பு இரண்டும் கூடவே கூடாது. மெழுகுவர்த்தியைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றப் பார்த்தவர்களையும் எனக்குத் தெரியும். அதில் சூடாவது போர்வைதான்.

## யுபிஎஸ் அரை மணியில் அணைந்துவிடுகிறது

யுபிஎஸ் கெட்டுப்போகவில்லை, கணக்குத்தான் உதைக்கிறது. கம்ப்யூட்டருக்கு வாங்கும் சின்ன யுபிஎஸ்ஸில் வழக்கமாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-அவர். 80 வாட் செராமிக் ஹீட்டரை மாட்டினால், இழப்பும் போக ஒரு மணி நேரம்கூட வராது என்பது அங்கேயே தெரிகிறது.

முதலில், சுமையைக் குறையுங்கள். பகல் விளக்கு, யுவிபி விளக்கு (எலும்புக்கு வேண்டிய புற ஊதா ஒளி தருவது), அழகுக்கு வைத்த எல்இடி எல்லாவற்றையும் பிடுங்குங்கள். ஒரு வாரம் யுவிபி இல்லாமல் போனால் எந்தப் பல்லிக்கும் எலும்பு வளைந்துவிடாது. இதற்காகக் கவலைப்பட்டு நள்ளிரவில் அழைப்பவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்.

அடுத்து, ஹீட்டரை மாற்றுங்கள். தெர்மாக்கோல் பெட்டிக்கு அடியில் 16 வாட் ஹீட் மேட் போதும். 500 வாட்-அவர் எடுத்துச்செல்லும் பேட்டரிப் பெட்டியில், இழப்பு போகக் கைக்கு வருவது 425 என்று வையுங்கள். 80 வாட் ஹீட்டர் தெர்மோஸ்டாட்டில் (சூட்டை அளந்து ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் கருவி) பாதி நேரம் எரிந்தால் சராசரி 40 வாட், ஆக பத்து மணி நேரம். 16 வாட் மேட் இடைவிடாமல் எரிந்தாலும் 26 மணி நேரம். ஹீட் மேட்டைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் மட்டும் எரிக்காதீர்கள்.

இன்வெர்ட்டரில் போட்டதும் தெர்மோஸ்டாட் உறுமுகிறது, விளக்கு மினுக்குகிறது என்றால் அது பெரும்பாலும் விளக்கை மங்கவைத்துக் கட்டுப்படுத்தும் வகைத் தெர்மோஸ்டாட்டாக இருக்கும். சுத்த சைன் அலை தராத இன்வெர்ட்டரோடு அதற்கு ஒத்துவராது. உடனே பிடுங்கிவிட்டு, வெறும் ஆன்-ஆஃப் வகைத் தெர்மோஸ்டாட்டை மாட்டுங்கள். அதுவும் சூடாகி வாசனை வந்தால் நிறுத்திவிட்டு வெந்நீர் பாட்டிலுக்கே திரும்புங்கள். வீட்டு ஒயரிங்கில் கைவைத்துப் புதிதாக இணைப்பு கொடுக்க வேண்டுமென்றால் அது எலக்ட்ரீஷியன் வேலை, புயல் நேரத்தில் உங்கள் வேலை இல்லை.

## விலங்கு சில்லிட்டு, அசையாமல் கிடக்கிறது

செத்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதைத்துவிடாதீர்கள். 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவில் குளிரலை வந்தபோது, மரத்திலிருந்து இகுவானாக்கள் விழலாம், அவை செத்தவை என்று நினைத்துவிட வேண்டாம் என்று அந்நாட்டு வானிலை அலுவலகமே எச்சரித்தது. வெயில் ஏறியதும் பல எழுந்து நடந்தன. உங்கள் தொட்டியில் கிடப்பதும் அப்படி இருக்கலாம்.

மீட்டரைப் பாருங்கள். உடம்பு மட்டத்தில் 15க்குக் கீழே இருந்தால் அசையாமல் கிடப்பது எதிர்பார்க்கக்கூடியதே. விலங்கை டப்பாவில் போட்டு 22-24 டிகிரி உள்ள இடத்தில் ஒரு மணி நேரம், பிறகு 26, பிறகு 28 என்று ஏற்றுங்கள். மூன்று நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், விளக்குக்கு அடியில் நேராக வைப்பதும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் போடுவதும் வேண்டவே வேண்டாம், தலை தூக்கத் தெம்பில்லாத பல்லி இரண்டு விரல்கடைத் தண்ணீரில் மூழ்கிவிடும்.

தேறும்போது முதலில் நாக்கு வெளியே வரும், அல்லது காலைத் தொட்டால் இழுத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் காட்டலாம். சாப்பாடு, வழக்கமான சூட்டில் முழுதாக இரண்டு நாள் இருந்த பிறகு.

28 டிகிரியில் மூன்று மணி நேரம் ஆகியும் எந்த அசைவும் இல்லை என்றாலோ, அறை 24க்குக் குறையாமல் இருந்தும் இப்படிக் கிடக்கிறது என்றாலோ, குளிர் மட்டும்தான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஊர்வனவற்றின் இதயத்துடிப்பை டாப்ளர் கருவியில்தான் உறுதியாகக் கேட்க முடியும், விரல் வைத்துப் பார்ப்பது போதாது.

## சாப்பிட்ட எலியைக் கக்கிவிட்டது

சூடு குறைந்திருந்தால் காரணத்தைத் தேட வேண்டியதில்லை. கக்கியதைக் கையுறை போட்டு எடுத்துவிட்டுத் தொட்டியைத் துடையுங்கள். தண்ணீர் வையுங்கள். கரண்ட் வந்த சந்தோஷத்தில் அன்றைக்கே மறுபடி இரை போடாதீர்கள். பத்திலிருந்து பதினான்கு நாள் பொறுத்து, வழக்கமான இரையில் பாதி அளவு கொடுங்கள். அதையும் கக்கினால் மருத்துவர்.

## மூச்சில் சத்தம், மூக்கில் குமிழி

தோல் உரிக்கப்போகும் பாம்பு லேசாக விசில் அடிப்பது உண்டு. கண் பால் படிந்தது போலிருக்கிறதா, தோல் மங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உரித்து முடியும்வரை காத்திருக்கலாம்.

அது இல்லாமல், பாம்பு தலையைச் செங்குத்தாகத் தூக்கிவைத்து மூச்சு விடுகிறது, வாயோரம் நுரையோ கயிறு போன்ற சளியோ தெரிகிறது, பல்லி குளிர்ந்த இடத்திலேயே வாயைத் திறந்து வைத்திருக்கிறது என்றால் சுவாசத் தொற்று. சில நாள் குளிரோடு ஈரமும் சேர்ந்த பிறகு வருவது இதுதான். வீட்டில் செய்யக்கூடியது, சூட்டை அந்த இனத்துக்கான வழக்கமான அளவின் மேல்பக்கத்துக்குக் கொண்டுவருவதும் ஈரத் தரையை எடுத்துவிட்டுக் காகிதம் விரிப்பதும் மட்டுமே. மனிதர்களுக்கு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கைப் பொடித்துக் கொடுக்காதீர்கள். சாலை திறந்த அன்றே மருத்துவர்.

## வாய் பிளந்து கிடக்கிறது, கண்ணாடியைப் பிறாண்டுகிறது, தண்ணீர்க் கிண்ணத்தைவிட்டு வர மறுக்கிறது

புயல் வெப்பமான மாதங்களிலும் வரும். ஆகவே கரண்ட் போனதும் பிரச்சினை குளிரா சூடா என்று முதலில் பாருங்கள். பூட்டிய வீடு, நின்றுபோன மின்விசிறி, மூடிய ஜன்னல். மூன்றும் சேர்ந்தால் அறையே 34ஐத் தொடும். பால் பைதான் சமாளிக்கும். க்ரெஸ்டட் கெக்கோவும் பச்சோந்தியும் சமாளிக்காது.

பியர்டட் டிராகன் விளக்கடியில் வாய் திறப்பது வழக்கம்தான். விளக்கே எரியாதபோது திறந்தால்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் இடத்தை மாற்றுங்கள். தரைத்தளம், வடக்குப் பக்க அறை, குளியலறை ஓடு. ஈரத் துண்டை வலை மூடியின் பாதியில் விரித்து, மேலே விசிறியால் விசிறுங்கள். துண்டு மட்டும் போட்டுக் காற்று இல்லாவிட்டால் உள்ளே புழுக்கம்தான் கூடும். முன்பு உறைய வைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றி, தொட்டிக்குள் ஒரு மூலையில் வையுங்கள். அது வேண்டுமென்றால் கிட்டே வரும், வேண்டாமென்றால் விலகும்.

ஐஸ் தண்ணீரில் முக்குவதுதான் ஆகாது. தலை சாய்ந்து, கால் தள்ளாடி, தொட்டால் எதிர்வினை இல்லாமல் இருந்தால், சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிக்கொண்டே மருத்துவரிடம் கிளம்புங்கள். இதில் காத்திருந்து பார்க்க நேரம் இல்லை.

## கண் உள்ளே இறங்கியிருக்கிறது, தோல் மடிந்து நிற்கிறது

நீர் வற்றுகிறது. தானியங்கித் தெளிப்பான் நின்றதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பச்சோந்தி கிண்ணத்தில் குடிக்காது, இலையில் உருளும் சொட்டைத்தான் நக்கும். பிளாஸ்டிக் டம்ளரின் அடியில் ஊசியால் ஒரு துளை போட்டு, தண்ணீர் நிரப்பி வலை மூடிமேல் வையுங்கள். இரண்டு விநாடிக்கு ஒரு சொட்டு இலைமேல் விழ வேண்டும். இதற்குக் கரண்டும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். சொல்லப்போனால் கரண்ட் இருக்கும் நாட்களிலும் நான் இதையே வைக்கிறேன்.

மற்றவற்றுக்கு, விழித்துத் தெம்பாக இருந்தால், 28 டிகிரித் தண்ணீரில் வயிறு நனையும் அளவுக்கு இருபது நிமிடம், நீங்கள் பக்கத்திலேயே இருந்து. குழாய்த் தண்ணீர் கலங்கி வந்தால் நீங்கள் எதைக் குடிக்கிறீர்களோ அதையே கொடுங்கள். ஒரு நாளில் கண் பழையபடி வராவிட்டால் ஊசிவழி நீர் ஏற்ற வேண்டியிருக்கும், அது மருத்துவர் கை.

## ஆமைத் தொட்டித் தண்ணீர் நாறுகிறது

ரெட் இயர்டு ஸ்லைடர் போன்ற நீர் ஆமைகள் நுரையீரலால் மூச்சு விடுகின்றன. ஃபில்டர் நின்றதால் மீனைப் போல மூச்சுமுட்டாது. கழிவுதான் தொல்லை. உணவை நிறுத்துங்கள், பாதித் தொல்லை குறையும். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைச் செம்பால் மொண்டு மாற்றுங்கள். தண்ணீருக்கே பஞ்சம் என்றால், ஈரத் துண்டு விரித்த டப்பாவில் ஆமையை வைத்து, நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் சிறு தொட்டியில் விடுங்கள், குடித்துக்கொள்ளும்.

கரண்ட் வந்ததும் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. மூடிய டப்பா வகை ஃபில்டருக்குள் தேங்கிய தண்ணீர் இத்தனை நாளில் சாக்கடையாகியிருக்கும். ஸ்விட்சைப் போட்டால் அத்தனையும் ஆமை மேல் கொட்டும். முதலில் அதைக் கழற்றி, உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு, பஞ்சை அலசி, பிறகு ஓட்டுங்கள்.

## இரைக்காக ஃப்ரீசரில் உறையவைத்த எலிகள் இளகிவிட்டன

திறக்காமல் வைத்தால், நிரம்பிய ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிரம்பியது 24 மணி நேரம். பாட்டில் அடுக்கச் சொன்னது இதற்கும்தான். இளகிப்போன எலியை மறுபடி உறையவைத்துக் கொடுக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். மனசு வராமல் ஒருமுறை கொடுத்துவிட்டு, கக்கியதைத் துடைத்தவன் சொல்கிறேன்.

## தொட்டி காலி

பதறி வீடு முழுக்கப் புரட்டாதீர்கள், முதலில் அறைக் கதவை மூடி அடியில் துண்டைத் திணியுங்கள். பெரும்பாலும் அதே அறையில்தான் இருக்கும். ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பின்னால், ஷூவுக்குள், புத்தகங்களுக்குப் பின்னால். இருட்டு, இறுக்கம், கொஞ்சம் கதகதப்பு, இந்த மூன்றும் சேரும் இடம். இரவில் கதவு வாசல்களில் மாவைத் தூவிவைத்தால் காலையில் தடம் சொல்லும். டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்துத் தேடுங்கள்.

வீட்டைவிட்டே போயிருந்தால் அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 1992இல் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவில் பாம்பு வளர்ப்புக் கூடம் ஒன்றை நொறுக்கியது. அங்கிருந்து தப்பியவற்றோடு, வளர்க்க முடியாமல் ஆட்கள் கொண்டுபோய் விட்டவையும் சேர்ந்து, இன்று எவர்கிளேட்ஸ் சதுப்பு முழுக்கப் பர்மியப் பைதான்கள். பெரிய பாம்பு என்றால் வனத்துறைக்கோ மீட்புக் குழுவுக்கோ சொல்வது உங்கள் கடமை.

## வீட்டைவிட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள்

பல முகாம்களில் நாய், பூனையையே சேர்ப்பதில்லை, பாம்பைச் சொல்லவே வேண்டாம். அதனால் உறவினர் வீடோ நண்பர் வீடோ ஒன்றை முன்பே கேட்டுவையுங்கள். டப்பாமேல் பெயர், இனம், "விஷமில்லாதது", உங்கள் ஃபோன் எண், கடைசியாக இரை கொடுத்த தேதி. பென்சிலில் எழுதாதீர்கள், மழையில் நனையாத மார்க்கரில் எழுதுங்கள். விலங்கின் படம் ஃபோனில் இருக்கட்டும். வளர்ப்பு உரிமத் தாள் இருந்தால் பிளாஸ்டிக் உறைக்குள்.

தூக்கிக்கொண்டு போகவே முடியாத நிலை என்றால் தொட்டியை உயரமான இடத்தில் வைத்து, பெரிய, கனமான கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, கதவில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள். வெளியே திறந்துவிடாதீர்கள்.

## கரண்ட் வந்துவிட்டது, ஆனால் தொட்டி கொதிக்கிறது அல்லது சூடே வரவில்லை

கரண்ட் போனதும் எல்லா பிளக்கையும் பிடுங்கி வைக்கச் சொல்வேன். வந்ததும் கால் மணி நேரம் பொறுத்து, வீட்டு விளக்கு சீராக எரிகிறதா என்று பார்த்த பிறகு மாட்டுங்கள். முதல் சில நிமிடங்களில் கரண்ட் வந்து வந்து போகும்போதுதான் தெர்மோஸ்டாட்டுகள் புகைகின்றன.

கொதித்தால் பார்க்க வேண்டிய முதல் இடம், சென்சார் எங்கே கிடக்கிறது என்பது. என் வீட்டிலேயே நடந்தது. மூன்று நாள் கழித்து விடியற்காலை கரண்ட் வந்தது. நான் தூக்கக் கலக்கத்தில் எல்லா ஸ்விட்சையும் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். டப்பாவை வெளியே எடுத்தபோது தொட்டியிலிருந்து நழுவிய சென்சார் கம்பி, தரை ஓட்டின்மேல் கிடந்தது. ஓடு 22 டிகிரி. தெர்மோஸ்டாட் அதைப் படித்துவிட்டு, 'இன்னும் குளிருது' என்று செராமிக் ஹீட்டரை விடாமல் எரித்துக்கொண்டிருந்தது. எழுந்து பார்த்தபோது தொட்டிக்குள் 47. அதிர்ஷ்டம், விலங்கு இன்னும் டப்பாவில்தான் இருந்தது. அன்றிலிருந்து சென்சாரை டேப்பால் ஒட்டுவதில்லை, டேப் சூட்டில் இளகிவிடும். கம்பிப் பிடிப்பான் போட்டுத் திருகிவைக்கிறேன். தொட்டி இரண்டு மணி நேரம் சரியான அளவில் நின்ற பிறகே விலங்கு உள்ளே போகும்.

அடுத்து, தெர்மோஸ்டாட்டின் அளவு. சில மாடல்கள் கரண்ட் போனால் தொழிற்சாலை அளவுக்குத் திரும்பிவிடும். அடுத்து டைமர். முள் சுழலும் பழைய டைமர் கரண்ட் இல்லாத நேரம் அப்படியே நின்றுவிடும். ஆறு மணி நேரம் போயிருந்தால் உங்கள் பகல் விளக்கு நள்ளிரவு வரை எரியும்.

சூடே வரவில்லை என்றால் ஹீட்டரை நேராகச் சுவர் பிளக்கில் ஒரு நிமிடம் போட்டுப் பாருங்கள், பக்கத்திலேயே நின்று. சூடானால் கெட்டது தெர்மோஸ்டாட். சூடாகாவிட்டால் ஹீட்டர். தண்ணீர் புகுந்த ஹீட் மேட், ஓரம் கருகிய மேட் எதையும் உலர்த்தித் திரும்பப் போடாதீர்கள், வெட்டி எறியுங்கள். தொட்டியைத் தொட்டால் விறுவிறுவென்று ஷாக் அடித்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## வயிற்றில் பழுப்பாக ஏதோ தெரிகிறது

தீக்காயம். வெந்த அன்றைக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. வயிற்றுச் செதில்கள் லேசாகச் சிவந்திருக்கும், ஒரு வாரத்தில் பழுப்பாகும், கொப்புளம் எழும், சில சமயம் அடுத்த தோல் உரியும்போதுதான் புண் வெளியே வரும். கீழே இருந்து வரும் சூட்டில் வெந்துகொண்டே பாம்பு அங்கேயே படுத்திருக்கும், நம்மைப் போலத் துள்ளி எழாது. அதனால் வெந்நீர் பாட்டிலோ ஹீட் பேக்கோ வைத்திருந்தீர்கள் என்றால் கரண்ட் வந்த அன்றும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும் வயிற்றைத் திருப்பிப் பாருங்கள்.

அன்றே கண்டுபிடித்தால் பத்து நிமிடம் சாதாரணக் குளிர்ந்த தண்ணீர் ஓட விடுங்கள், ஐஸ் வேண்டாம். மரத்தூள், தேங்காய் நார்த் தரையை எடுத்துவிட்டு வெள்ளைக் காகிதம் விரித்துத் தினமும் மாற்றுங்கள். மஞ்சள், பற்பசை, வீட்டில் இருக்கும் வலி நீக்கும் களிம்பு எதையும் தடவாதீர்கள். நிறம் மட்டும் மாறியிருந்தால் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்பிவிட்டு நாளைக்குப் போகலாம். கொப்புளம் உடைந்திருந்தால், நீர் கசிந்தால், வாடை வந்தால், இன்றைக்கே போக வேண்டும்.